‘அம்மா தாங்கிக்குவாங்க’ என்று சொன்ன மகனுக்கு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். மலையில் சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நீ மறுபடியும் மூன்று தடவை கூப்பிட்டாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. நீ இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, என் ஹெர்னியா ஆபரேஷனை நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று. சர்ஜன் கைராசிக்காரர், ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களின் வார்டில் நீயே நர்ஸாக இருக்கிறாய், "நான் இருக்கறனில்லம்மா, நீங்க எதுக்குப் பயப்படறீங்க" என்றாய். மற்றது, உன் வார்டில் இப்போது படுத்திருக்கும் ஒரு அம்மாவைப் பற்றி. பள்ளிவாசல் என்கிற ஊர்ப்பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவர், குடலில் ஆபரேஷன், வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழ்வரை தையல். "அத்தனை பெரிய ஆபரேஷன், ஒரு சத்தம் போடலைம்மா. ஜெபமாலையக் கையில வெச்சுட்டு செவுத்தப் பாத்துட்டே படுத்திருக்கறாங்க. அப்படியே உங்களையாட்டவே" என்றாய். பெருமையாகச் சொன்னாய். அந்த இடத்தில்தான் வைத்தேன்.

நேரில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டி முடித்துவிடுவாய். போனில் சொன்னால் எனக்குக் குரல் உடையும். உடனே அம்மா அழுகிறாள் என்பது மட்டும் உன் காதில் விழும், சொன்ன விஷயம் விழாது. அதனால் எழுதுகிறேன். தபாலில் போட்டால் நம் ஊர் பெருமாட்டியிலிருந்து மலையேறி உன் கைக்கு வர நாலு நாளாகும். அந்த அம்மா அத்தனை நாள் காத்திருக்கக் கூடாது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். படித்துவிட்டு உனக்குள் வைத்துக்கொள்ளாதே. உன்னோடு வேலை பார்க்கிறவர்களுக்குக் காட்டு. தமிழ் வாசிக்கத் தெரியாத சிஸ்டர்களுக்கு நீயே படித்துச் சொல். இதில் ஒளிப்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. மூன்று வருஷம் ஒளித்து வைத்ததே போதும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்களே, அதை உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் நீ பார்த்தது வேறு, நான் படுத்திருந்தது வேறு. நம் ஊரில் இதற்கெல்லாம் எல்லோரும் கோயம்புத்தூருக்குத்தான் போவார்கள். நான்தான் பிடிவாதமாக மேற்கே, நீ நர்சிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்றேன். அங்கே என் மகன் வெள்ளைச் சட்டை போட்டு நடப்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. வேறென்ன. காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். மத்தியானம் கண் திறந்தபோது சர்ஜன் குனிந்து, வெறும் கட்டிதான், பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு மாதமாக மனதுக்குள் புற்றுநோய் புற்றுநோய் என்று உருட்டிக்கொண்டிருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். அந்த அரை மயக்கத்தில் சின்ன வயதுச் சிஸ்டர் ஒருத்தி கையில் தாளோடு வந்து நின்று, "சேச்சீ, வேதன உண்டோ?" என்று கேட்டாள்.

கல்யாணமாகி நான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி இங்கே வந்து அப்போது இருபத்தோரு வருஷம். ரேஷன் கடையில், பஞ்சாயத்து ஆபீஸில், உன் பள்ளிக்கூடத்தில் எல்லாம் மலையாளத்தில்தான் பேசியிருக்கிறேன். மலையாளத்தில் வேதன என்றால் உடம்பு வலி என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மயக்கம் தெளியாதவளிடம் அந்தத் தெரிதல் எல்லாம் எங்கே இருந்தது? வேதனை உண்டா என்று கேட்கிறாள், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்கிறாள், எவ்வளவு நல்ல பெண் என்றுதான் எனக்குப் பட்டது. "வேதனையெல்லாம் ஒண்ணுமில்லைங்க சிஸ்டர். சந்தோஷமாத்தான் இருக்கறேன்" என்றேன். அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற இன்னொருத்தியிடம் சொல்லி அவளும் சிரித்தாள். தாளில் எதையோ எழுதிக்கொண்டு போனாள். அவள் எழுதியது பூஜ்யம் என்று பிறகு தெரிந்தது. பத்துக்கு எத்தனை என்று வலிக்கு மார்க் போடும் கட்டத்தில் பூஜ்யம்.

கொஞ்ச நேரத்தில் மயக்கம் முழுதாக விலகியது. நம் தோப்பில் தேங்காய் உரிக்க மண்ணில் நட்டு வைத்திருக்கும் பாரை உனக்குத் தெரியும். அதன்மேல் என்னைக் கவிழ்த்துக் குத்தி நிறுத்தியது மாதிரி இருந்தது. மூச்சை உள்ளே இழுத்தால் ஒரு குத்து, விட்டால் ஒரு குத்து. அதே சிஸ்டர் அந்தப் பக்கம் வந்தபோது, "சிஸ்டர், வயிறு வலிக்குதுங்க, ரொம்ப வலிக்குதுங்க" என்றேன். அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்து, "அது ஸ்டிச் வலியுந்நதா சேச்சீ, சாரமில்ல" என்றாள். தையல் இழுக்கிறது, பரவாயில்லை என்று அர்த்தம். மலையாளத்தில் வலி என்றால் இழுப்பு. கோட்டயத்துக்காரப் பெண், தமிழ் அதிகம் கேட்டறியாதவள். வயிற்றில் தையல் இழுக்கிறது என்று நான் புகார் சொன்னதாக அவள் புரிந்துகொண்டாள். தையல் போட்டால் இழுக்கத்தானே செய்யும். நான் மூன்று தடவை வலிக்குது என்றேன். மூன்று தடவையும் சாரமில்ல என்றாள், அதுவும் அன்பாக.

உங்களுக்குத்தான் மலையாளம் தெரியுமே, வேதன என்று சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொல்லியிருக்கலாம். பாரையில் குத்தி நிறுத்தப்பட்டவளிடம் போய், எந்த மொழியில் எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்பது நியாயமாக இருந்தால் கேள். எனக்கு இன்றைக்கும் பொறுக்காதது அதுதான். அந்த வார்டில் பாதிப் பேர் எல்லையோரத்துத் தமிழ்க்காரர்கள். சுவரில் கை கழுவும் முறையை நாலு மொழியில் ஒட்டத் தெரிந்தவர்களுக்கு, வலிக்குது என்று ஒருத்தி சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு வரி எழுதி ஒட்டத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தாவது தெரிந்துகொண்டிருக்கலாம். முகத்தை யார் பார்த்தார்கள்? தாளைப் பார்த்தார்கள். தாளில் பூஜ்யம் இருந்தது. டூட்டி மாறும்போது அடுத்து வந்தவளும் அதைப் பார்த்து இன்னொரு பூஜ்யம் எழுதினாள்.

சாயங்காலம் நீ வந்தாய். யூனிஃபார்மில்தான் வந்தாய், ஆசைப்பட்டது நடந்தது. "வலிக்குது சாமி, தாங்க முடியல" என்று உன்னிடம் சொன்னேன். நீ முகம் வாடி, சிஸ்டர்கள் உட்காரும் மேசைக்குப் போனாய். என் கட்டிலுக்கும் அந்த மேசைக்கும் நடுவில் ஒரு திரைதான். பெரிய சிஸ்டர் தாளைப் புரட்டிப் பார்த்தது, பூஜ்யம்தானே போட்டிருக்கிறது என்று சொன்னது, எல்லாம் எனக்குக் கேட்டது. பிறகு அவர், வலிக்கான டிரமடால் ஊசி எஸ்.ஓ.எஸ். என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்று சொல்லி, "கொடுக்கணோ?" என்று உன்னைக் கேட்டார். ஆமாம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் கையில் ஏற்கனவே ஊசிக்குழாய் ஏற்றி வைத்திருந்தது. இன்னொரு தடவை குத்தக்கூட வேண்டியதில்லை. நீ சொன்னாய், "வேண்டா சிஸ்டர். அம்ம சகிச்சோளும்."

அம்மா தாங்கிக்குவாங்க.

பிறகு என்னிடம் வந்து, நாளைக்குச் சரியாகிவிடும் என்று நெற்றியைத் தடவிவிட்டுப் போனாய். எஸ்.ஓ.எஸ். என்றால் கப்பல் மூழ்கும்போது அனுப்புகிற ஆபத்துச் செய்தி என்றுதான் நான் படித்தது. ஆபத்து வந்தால் மட்டும் போடுகிற மருந்து போலிருக்கிறது, நமக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை, வாயை மூடிக்கொண்டிரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரித் தாளில் அதற்கு, தேவைப்பட்டால் கொடு என்றுதான் அர்த்தம் என்று எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது. உனக்கு அன்றைக்கே தெரியும். தேவைப்பட்டால் என்று எழுதி வைத்துவிட்டு, தேவையா என்று தேவைப்படுகிறவளைக் கேட்காமல் அவள் மகனைக் கேட்கிற அந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்கள்? காய்ச்சல் மருந்தையே திரவமாக்கின அந்தச் சின்னப் பாட்டிலை மட்டும் நேரம் பார்த்து மாட்டினார்கள். அது ஏறிய பிறகு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பாரை கொஞ்சம் மழுங்கும். பிறகு பழையபடி. அதற்கு மேல் உள்ளதெல்லாம் தேவைப்பட்டால். நானும் வாயைத் திறக்கவில்லை. நம் மாணவனின் அம்மா, எவ்வளவு அடக்கமானவர் என்று பெரிய சிஸ்டர் ரவுண்ட்ஸில் சொன்னார். உன் பெயரைக் கெடுக்கக் கூடாது என்று இருந்தேன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்தாய் நீ?

இருமச் சொன்னார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆழமாக மூச்சு விடச் சொன்னார்கள். பாதி மூச்சு வந்ததுமே குத்தும், நிறுத்திவிடுவேன். மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. பக்கத்துக் கட்டிலில் தன் தங்கைக்குத் துணையாக இருந்த வாளையார்க்காரி ஒருத்தி, பிளாஸ்க்கை மூடிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஏனுங்க்கா, வாயத் தொறந்து கேக்கமாட்டீங்களா? இது என்ன நோன்பா, பல்லக் கடிச்சுட்டு இருக்கறதுக்கு?" சொன்னதோடு நிற்கவில்லை. மேசைக்குப் போய் நல்ல மலையாளத்தில் சத்தம் போட்டாள். அவள் குரலுக்குப் பயந்து அந்த ஊசி வந்தது. அவசரத்தில் வந்த ஊசி, ஒரே அழுத்தாகக் குழாயில் அழுத்தினார்கள். தலை சுற்றி, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். தையல் போட்ட வயிற்றோடு வாந்தி எடுத்தால் எப்படி இருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை. மெதுவாக, நீர் கலந்து, வாந்திக்கு ஒரு மருந்தும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர்கள் சொன்னது, சேச்சிக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. அதோடு அதையும் நிறுத்தினார்கள்.

உன் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆனது அதற்கு முந்தின வருஷம், கோயம்புத்தூரில். நீயும் வந்திருந்தாய். என் வெட்டில் பாதி இருக்குமா அவருடையது? மயக்கம் தெளிந்ததும் அவர் போட்ட சத்தத்தில் கீழ் மாடியிலிருந்து வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "ஏ புள்ள, உசுரு போகுது, டாக்டரக் கூப்புடு" என்று என் கையை முறுக்கினார். சிஸ்டர்கள் சிரித்தார்கள். ஆம்பிளைகளுக்குத் தாங்காது என்றார்கள். சிரித்துக்கொண்டே ஓடி வந்து ஊசி போட்டார்கள், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கடிகாரம் பார்த்துப் போட்டார்கள். நாலாம் நாள் அவர் வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அன்றைக்குச் சேர்ந்து சிரித்தவள்தான். இப்போது நினைத்தால், அந்த ஆஸ்பத்திரியில் புத்தியோடு நடந்துகொண்ட ஒரே ஆள் உன் அப்பாதான் என்று தோன்றுகிறது. தாங்காதவரைக் கேலி செய்தார்கள், மருந்து கொடுத்தார்கள். தாங்கினவளைப் பாராட்டினார்கள், மருந்து கொடுக்கவில்லை.

பிறகு வந்த மூன்று வருஷத்தை நீ லீவுக்கு வந்த நாட்களில் மட்டும் பார்த்தாய். தழும்பின் இடது ஓரத்திலிருந்து தொடையின் மேல்வரை ஒரு எரிச்சல், நடுவில் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. பாவாடை நாடா அந்த இடத்தில் பட்டால் உயிர் போகும். இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்துக்குச் சேலை கட்டிப்போனவள் சுடிதாருக்கு மாறியதும், வயசாக ஆகத்தான் டீச்சருக்கு ஆசை வருகிறது என்று சொன்னார்கள். உன் அத்தை வந்து, பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா என்று கேட்டுவிட்டு, என் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. டவுனில் பார்த்த டாக்டர் ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, உன் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று என்னைக் கேட்டார். இது மனவேதனை சேச்சி என்றார். தூக்க மாத்திரை எழுதினார். எனக்கு அந்த நாற்காலியிலேயே சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வயிற்றை அறுத்துப் போட்டிருந்த நேரத்தில் உடம்பைக் கேட்டார்கள், நான் மனசு என்று நினைத்துப் பதில் சொன்னேன். இப்போது உடம்பைச் சொல்கிறேன், மனசு என்கிறார்கள். அந்த ஒரு சொல் இரண்டு பக்கமும் என்னையே அடித்தது.

போன வருஷம் வாளையார்க்காரிதான் போன் செய்து, கோயம்புத்தூரில் வலிக்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று சொன்னாள். வேலந்தாவளம் வழியாக பஸ்ஸில் போனேன்; அந்த ரோட்டில் எத்தனை வேகத்தடை என்று என் தழும்பைக் கேட்டால் சொல்லும். டாக்டரம்மா முதலில் தாளை எடுக்கவில்லை. எரியுதுங்களா, குத்துதுங்களா, சுருக்குனு இழுக்குதுங்களா, துணி பட்டா கூசுதுங்களா என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். பஞ்சால் தொட்டுப் பார்த்தார். தழும்புக்குள் ஒரு நரம்பு சிக்கியிருக்கிறது என்றார். ஆபரேஷன் முடிந்த நாட்களில் வலியை அடக்காமல் விட்டதால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, நன்றாக அடக்கினவர்களுக்கும் சிலருக்கு இது வருவதுண்டு, ஆனால் ஆரம்ப நாட்களில் கடுமையாக வலித்தவர்களுக்கு வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கோபத்தில் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லி உன்மேல் பழி போட மாட்டேன்.

மாத்திரைகளோடு, சில தடவை கை ரத்தக்குழாயில் மருந்து ஏற்றினார். பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுவார்களே, அந்த மருந்தையே கொஞ்சம் கொஞ்சமாக, நெஞ்சில் ஒயர் ஒட்டி, திரையில் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஏற்றுவது. ஆரம்பிக்கும் முன்னால், உதடு மரத்தால், காதில் ரீங்காரம் கேட்டால் உடனே சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். கால் மணி நேரத்தில் என் உதடு மரத்தது. வாயில் இரும்பு நக்கின ருசி. நான் என்ன செய்தேன் தெரியுமா? தாங்கிக்கொண்டு படுத்திருந்தேன். நல்ல நோயாளி. அவர் வந்து முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்து, ஏறும் வேகத்தைக் குறைத்துவிட்டு என்னைத் திட்டினார். "சொல்லாம இருந்தா இங்க மெடல் கொடுக்கறதில்லைங்க. அந்த உதடுதான் எனக்கு அலாரம். நீங்க மூடி வெச்சுட்டா நான் எதப் பாக்கறது?" அன்று அந்த மருந்து இறங்கி முடிந்தபோது, இரண்டு வருஷமாக வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை யாரோ நிறுத்திய மாதிரி இருந்தது. சில வாரம் நின்றது. பிறகு வந்தது, முன்பு அளவுக்கு இல்லை. முழுதாகப் போகும் என்று அவரும் சொல்லவில்லை.

அங்கே இன்னொன்று நடந்தது, அதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். ஒரு நாள் அவர், "இந்த வலிக்குதுங்கற சொல்லு வேண்டாம். சின்னப் புள்ளையில ஊட்ல எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டார். யோசிக்காமல் வாயில் வந்தது. "நோவுதுங்க" என்றேன். மூலையில் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்த மலையாளச் சிஸ்டர் ஒருத்தி சட்டென்று நிமிர்ந்தாள். நான் அங்கே போய்வந்த மூன்று மாதத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள். கையிலிருந்ததை வைத்துவிட்டு வந்து, "எவிடயா நோவுந்நே, சேச்சீ?" என்று கேட்டாள். எங்கே நோவுது என்று. குழந்தையிடம் கேட்கிற மாதிரி கேட்டாள். நோவு என்ற சொல் அவர்களுக்கும் அதேதான் தம்பி. எழுத்துக்கூட மாறவில்லை, அர்த்தம் கூட மாறவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யார் காதில் விழுந்தாலும் உடம்பில் நோவு என்றுதான் விழும். அந்தச் சொல் என்னிடம் இருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்தில் நான் பிறந்த வீட்டில் வேறு எந்தச் சொல்லும் இருந்ததில்லை.

எங்கே தொலைத்தேன் என்பதையும் சொல்கிறேன். கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் முதல் வருஷம், வார்டனிடம் போய் "வவுறு நோவுதுங்க" என்றேன். பின்னால் நின்ற டவுன் பெண்கள் ஒரு மாதம் அதையே சொல்லிச் சிரித்தார்கள். அன்றைக்கு விட்ட சொல்தான். தமிழ் படித்து, நோவு எவ்வளவு பழைய சொல் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள், வாயில் வலிக்குது என்றே பழக்கிக்கொண்டேன். அதோடு விட்டேனா? உனக்கு ஏழு வயது. பம்ப்செட் ரூம் சுவரிலிருந்து விழுந்து, இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு வந்து, "அம்மா, கை நோவுது" என்றாய். ஸ்கூல் ஹெட்மாஸ்டர் குடும்பத்தோடு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் உன் கையைப் பார்க்கவில்லை. "நோவுதுன்னு சொல்லாத, வலிக்குதுன்னு சொல்லு. ஆம்பளப் பையன் இதுக்கெல்லாம் அழலாமா? தாங்கிக்கோணும்" என்றேன். நீ தாங்கினாய். மறுநாள் கை வீங்கின பிறகுதான் எலும்பு விண்டிருப்பது தெரிந்தது. அதற்காக நான் வெட்கப்பட்டேனா? எலும்பு விண்டும் ஒரு நாள் முழுக்க எங்க பையன் வாயத் திறக்கவில்லை என்று பத்து வருஷம் ஊரெல்லாம் பெருமை பேசினேன். நீயும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். வார்டு மேசையில் அன்றைக்கு நீ கொடுத்தது நான் கொடுத்துப் பழக்கிய சர்ட்டிபிகேட்தான். கோபம் உன்மேல் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிட அதிகமாக அந்தக் கூடத்தில் நின்ற இருபத்தொன்பது முப்பது வயது டீச்சர்மேல் இருக்கிறது.

சேர்த்துத் திட்ட வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊசிக்குப் பழகிவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறவர்கள். வயிற்றைக் கிழித்த நாலு நாளைக்கு அளவோடு, கவனித்துக்கொண்டே கொடுக்கிற மருந்துக்கு யாரும் அடிமையாவதில்லை என்று உன் பாடத்திலேயே இருப்பதாக நீயே ஒரு தடவை சொன்னாயே, பிறகு ஏன் வாயைத் திறப்பதில்லை? நோயாளி மல்லாந்து அசையாமல் படுத்திருக்கும்போது வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள். அப்படிப் படுத்திருந்தால் யாருக்கும் குறைவாகத்தான் இருக்கும், இருமச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். சாமி கும்பிடுகிறவர்களும் ஜெபமாலை உருட்டுகிறவர்களும் வலியைச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டார்கள், இனி நமக்கு வேலையில்லை என்று நினைக்கிறவர்கள். அந்த அம்மா ஏன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் திரும்பினால் முகத்தை யாராவது பார்த்துவிடுவார்கள்.

கோயம்புத்தூர் டாக்டரம்மாவிடம் கேட்டு, என் ஆபரேஷனுக்கு எப்படியெல்லாம் வலியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். அறுக்கும் முன்பே வயிற்றுச் சுவரை மரக்கச் செய்கிற ஊசி, பாட்டில் மருந்து கடிகாரம் பார்த்து, மேலே தேவைப்படுவதை மெதுவாக, வாந்தி மருந்தோடு. அதையும் படம் பிடித்து இதோடு அனுப்புகிறேன், உன் சர்ஜனுக்கும் மயக்க மருந்து டாக்டருக்கும் காட்டு. அவர்கள் ஒத்துக்கொண்டால் நான் வருவேன். நீ இருக்கிறாய் என்பதற்காக மட்டும் வர மாட்டேன். போன தடவையும் நீ இருந்தாய்.

அதற்கு முன்னால் ஒன்று செய். இதைப் படித்து முடித்ததும் அந்தத் தோட்டத்து அம்மாவின் கட்டிலுக்குப் போ. நின்றுகொண்டு கேட்காதே. சுவர்ப் பக்கமாக ஸ்டூலைப் போட்டு, அவர் முகம் தெரிகிற மாதிரி உட்கார். "நோவுதாம்மா?" என்று கேள். முதல் தடவை, இல்லை தம்பி, பரவாயில்லை என்றுதான் சொல்வார். எழுந்து வந்துவிடாதே. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒரு தடவை இருமச் சொல், இருமும்போது முகத்தைப் பார். பிறகு மறுபடியும் அதே சொல்லில் கேள். அவர் என்ன சொல்கிறாரோ அதை அவர் வாயில் வந்தபடியே எழுது, மணியையும் எழுது, அதற்கு என்ன செய்தீர்கள் என்பதையும் எழுது. எனக்குப் போன் செய்து அதைச் சொல். ஞாயிற்றுக்கிழமை மாதிரி வைக்க மாட்டேன். அதைக் கேட்ட பிறகுதான் பையில் துணி எடுத்து வைப்பேன்.

நான் வந்து, எனக்கும் ஆபரேஷன் முடிந்து, அதே வார்டில் படுத்திருக்கும்போது, மேசையில் இருக்கிற சிஸ்டர் தாளைப் பார்த்துவிட்டு, நீ மகனாயிற்றே என்று உன்னைத்தான் கேட்பார், கொடுக்கணோ என்று. அதற்கு நீ பதில் சொல்லாதே. என் கட்டிலுக்கு வந்து என்னைக் கேள்.

இதோ, இப்போதே சொல்கிறேன். மூன்று வருஷமாக உன்னிடம் இந்தச் சொல்லில் சொன்னதில்லை. நோவுது, தம்பி.

அம்மா